காப்பியும் கனியும் தேகக் காவலும்

காலையில் எழுந்து பல் துலக்கி ஒரு தம்ளர் காப்பியை அருந்திய பின்னரே உலகம் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டை விட்டு எத்தனை நூறு கல் தொலைவு வந்து குடியேறினாலும் இப்பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் பிரிவதில்லை. இந்த நாகபுரியில் அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் தேநீர் கொதித்துக்கொண்டிருக்க, நம் வீடுகளில் மட்டும் பில்டரில் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து எவரேனும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புறப்படுகிறார் என்றால் நாம் முதலில் சொல்லியனுப்புவது காப்பிப்பொடிக்குத்தான். அப்பளமும் வடகமும் அதற்குப் பின்னரே.

அண்மைக் காலமாகப் பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசிச் செய்திகளிலும் இக்காப்பிக்குப் புதியதொரு புகழ் ஏற்பட்டிருக்கிறது. 'காப்பியில் ஆன்டி ஆக்ஸிடண்டு நிறைந்துள்ளது. அது மூப்பைத் தடுக்கும், நோயை விரட்டும்' என்கிறார்கள். இச்சொல் பழச்சாற்றுக் குப்பியிலும் பிஸ்கட் பொட்டலத்திலும் கூட அச்சாகி வருகிறது. இதன் உண்மைதான் யாது என்று விசாரிக்கும்படியான அவசியம் சென்ற ஆண்டில் எனக்கு ஏற்பட்டது. நான் வைத்தியனல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரெயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தாவானவன். சரக்கு நிலையத்தில் கணக்கெழுதுவது என் தொழில். ஆயினும் டாக்டர் கூறியவற்றையும், பின்னர் நானே தேடிப் படித்துத் தெளிந்தவற்றையும் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லுதல் என் கடமை என எண்ணுகிறேன்.

வீட்டில் நடந்த இரண்டு சங்கதிகள்

என் தந்தையார் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நாற்பது ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர். தாயார் காலமான பின் எங்களுடன் வந்து தங்கினார். இங்கே அறிமுகமான ஒருவர், அவருடைய இருமலைக் கண்டு இரங்கியவர் போல, ஒரு டப்பா மாத்திரைகளைக் கொணர்ந்து கொடுத்தார். அறுபது மாத்திரைகளின் விலை ரூ. 1,900. அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின், வைட்டமின் 'ஈ' முதலியன புகையின் நஞ்சை முறித்துவிடும் என்பது அவர் வாக்கு. அதைக் கேட்ட தந்தையார் பெரிதும் மகிழ்ந்தார். "இனிமேல் பீடியைப் பற்றி நீ என்னிடம் பேசவேண்டாம், மருந்துதான் இருக்கிறதே" என்று என்னிடம் கூறினார். நானும் தந்தைக்குச் செய்யும் தொண்டாக நினைத்து மாதந்தோறும் அத்தொகையைக் கொடுத்து வந்தேன்.

அதே சமயத்தில் என் மனையாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கி நின்றாள். பகலெல்லாம் சோர்வு. களைப்புக்கு மருந்தாக அவள் கண்டது மற்றொரு தம்ளர் காப்பி. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. கர்ப்பமுறாத பெண்களுக்கு அது 12-க்குக் குறையலாகாது. டாக்டர் அம்மையார் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் தவறாமல் உட்கொண்டும் அளவு அசையவே இல்லை. மறுமுறை சென்றபோது அம்மையார் கேட்டது ஒரே கேள்வி: "மாத்திரையை எதைக் குடித்து விழுங்குகிறீர்கள்?" என் மனையாள் சிரித்துக்கொண்டே, "காலைக் காப்பியோடுதான், அப்படியென்றால்தான் மறக்காது" என்றாள். அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று உடன் வந்திருந்த தந்தையாரின் டப்பாவையும் அவர் வாங்கிப் பார்த்தார். பார்த்தவர், "பீடி பிடிப்பவருக்கு இதை யார் கொடுத்தது?" என்று சற்றுக் கடுமையாகவே வினவினார். அந்த இரு கேள்விகளின் பொருளை விளக்குவதே இக்கட்டுரை.

துருவும் தேகமும்

எங்கள் சரக்கு நிலையத்தில் நாள்தோறும் நான் காணும் காட்சி துரு. வெறும் இரும்பின் மீது காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் சேர்ந்து அதை மெல்ல மெல்லத் தின்கின்றன. வெட்டிய ஆப்பிள் பழுப்பதும், பழைய எண்ணெயில் காறல் வாடை அடிப்பதும் பிராணவாயு செய்யும் இதே வகை வேலைதான். விஞ்ஞானத்தில் இதனை ஆக்ஸிகரணம் என்பர்.

பிராணவாயு இன்றி நாம் ஒரு சில நிமிடங்களும் வாழவியலாது. நாம் உண்ட ஆகாரத்தை அணுவணுவாக எரித்துச் சக்தியாக்குவது அதுவே. இவ்வேலை பெரும்பாலான உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகளில் நடைபெறுகிறது. அடுப்பு என்றால் பொறி தெறிக்காமல் இராது. முழுமையாக எரியாத பிராணவாயுவின் ஒரு சிறு பகுதி 'ஃப்ரீ ராடிகல்' எனப்படும் நிலையற்ற துகளாக வெளிப்படுகிறது. இணையை இழந்து தவிக்கும் எலக்ட்ரானை உடைய அத்துகள், அருகிலுள்ள கொழுப்பையோ, புரதத்தையோ, மரபணுவையோ தாக்கி அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்தது வேறொன்றிடம் பறிக்கும். புகையிலைப் புகை, வாகனப் புகை, கடும் வெயில் ஆகியவை இப்பொறிகளை மேலும் பெருக்குகின்றன. மூப்புக்கு இவையே காரணமாகலாம் என்ற கொள்கையை டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

எனினும் இவற்றை முற்றிலும் பகையென்று எண்ணுதலும் தவறு. நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளைக் கொல்வதற்கு இத்துகள்களையே ஆயுதமாக்குகின்றன. நெருப்பு அடுப்புக்குள் இருக்கும்வரை நன்மை. கூரைக்குப் பரவினால்தான் தீமை.

தேகத்தின் சொந்தக் காவலர்

இறைவன் படைப்பில் இந்த நெருப்பை அடக்கவும் ஏற்பாடு உண்டு. தேகம் தானே சில நொதிப்பொருள்களை உற்பத்தி செய்கிறது. அவற்றுள் முதன்மையான சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்பதன் வேலையை 1969-இல் மெக்கார்டு, ஃபிரிடோவிச் என்ற இருவர் அமெரிக்காவில் கண்டறிந்தனர். அது அத்துகளை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்ற, கேட்டலேஸ், குளூட்டாதியோன் பெராக்ஸிடேஸ் என்னும் வேறிரு நொதிகள் அதைத் தண்ணீராக்கி விடுகின்றன. இக்காவலர்களுக்குக் கருவிகளாக அமைந்தவை செம்பு, துத்தநாகம், மாங்கனீஸ், இரும்பு, செலினியம் ஆகிய தாதுக்கள். அவை நாம் உண்ணும் பருப்பு, தானியம், கீரை, கொட்டை, முட்டை, மீன் ஆகியவற்றிலிருந்து கிடைப்பவை. ஆகவே ஒழுங்கான உணவே காவலின் அஸ்திவாரம் என்பது விளங்கும்.

இரண்டாம் வரிசைக் காவலர் ஆகாரத்தின் மூலம் நேரே வருபவர். இரும்பு வாளிக்குத் துத்தநாகப் பூச்சு போடுகிறோமல்லவா? பூச்சு தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. அதுபோலவே வைட்டமின் 'ஈ' தன் எலக்ட்ரானைக் கொடுத்து உயிரணுவின் கொழுப்புச் சுவரைக் காக்கிறது. வலுவிழந்த அதனை வைட்டமின் 'சி' மீண்டும் எழுப்பிவிடுகிறது. இந்த வைட்டமின் 'சி'யை ஆராய்ந்ததற்காகவும் 1937-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி சென்ட்-கியார்கி, அதனைப் பெருமளவில் எடுத்தது மிளகாய் இனத்தைச் சேர்ந்த பாப்ரிகாவிலிருந்து என்பது நம் சமையலறைக்குப் பெருமை தரும் செய்தி.

காப்பியில் உள்ளது என்ன?

காப்பிக்கொட்டையில் காஃபீன் மட்டுமன்று, குளோரோஜெனிக் அமிலம் என்னும் பொருளும் மிகுதியாக உண்டு. வறுக்கும்போது அதில் ஒரு பகுதி அழிந்துபோகிறது; கருகக் கருக வறுத்தால் பெரும்பகுதி போய்விடும். அதற்கு ஈடாக, வறுவலின் பழுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனாய்டின் என்ற வேறு பொருள்கள் உண்டாகின்றன. சிக்கரி வேரில் காஃபீன் கிடையாது. காப்பியுடன் கலக்கும் சிக்கரி 49 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். விகிதத்தைப் பொட்டலத்திலேயே காணலாம்.

அமெரிக்கர் தம் ஆகாரத்தில் பெறும் ஆன்டி ஆக்ஸிடண்டுகளில் மிகுதி காப்பியிலிருந்தே வருகிறது என்று ஸ்கிராண்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர் 2005-இல் கூறியபோது அது பெருஞ்செய்தியாயிற்று. காப்பி மற்றெல்லாக் கனிகளினும் சிறந்தது என்பது அதன் பொருளன்று. அந்நாட்டார் காப்பியை அவ்வளவு மிகுதியாகக் குடிக்கின்றனர், கனிகளை அவ்வளவு குறைவாக உண்கின்றனர் என்பதே. உணவுகளுக்குச் சோதனைக் குழாயில் மதிப்பெண் போட்டு வைத்திருந்த ஒரு பட்டியலையும் அமெரிக்க விவசாய இலாகா 2012-இல் நீக்கிவிட்டது. குழாயில் நடப்பது தேகத்தில் நடப்பதற்குச் சான்றாகாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

அவ்வாறாயின் காப்பி செய்யும் உதவி எத்தகையது? குளோரோஜெனிக் அமிலத்தில் ஒரு பகுதியே சிறுகுடலில் உறிஞ்சப்படும். எஞ்சியதைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடைத்துப் பயன்படுத்துகின்றன. இத்தகைய தாவரப் பொருள்கள் தாமே போய்ப் போரிடுவதைக் காட்டிலும், உயிரணுக்களை லேசாகச் சீண்டி, அவற்றின் சொந்த நொதிகளை அதிகமாக உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன என்பதே இன்று ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ரெயில்வேயில் அவ்வப்போது விபத்து ஒத்திகை நடத்துவார்கள். ஒத்திகையால் எந்த விபத்தும் நீங்குவதில்லை. ஆனால் ஊழியர்கள் ஆயத்தமாகிறார்கள். முட்டைக்கோஸ், காலிபிளவர், வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றிலுள்ள பொருள்களும் இவ்வகை ஒத்திகையையே நடத்துகின்றன.

அமெரிக்காவில் 50 முதல் 71 வயது வரையிலான ஏறக்குறைய நான்கு லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பி அருந்துவோரிடையே மரண விகிதம் சுமார் 10 சதவிகிதம் குறைவாகக் காணப்பட்டது. ஈரல் நோயும் நீரிழிவும் காப்பி அருந்துவோரிடம் குறைவு என்று வேறு பல ஆய்வுகளும் கூறுகின்றன. இவை சேர்ந்து காணப்படும் தொடர்புகளேயன்றி, காப்பியே காரணம் என்பதற்கு முடிந்த முடிவான நிரூபணமல்ல.

காப்பிக்கு எல்லையும் உண்டு. நல்ல தேகநிலையில் உள்ளவர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை தீங்கில்லை என்றும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமே எல்லை என்றும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2015-இல் அறிவித்தது. கெட்டியான காப்பி ஒரு கோப்பையில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் இருக்கலாம். ஒரு தம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வீதம் நான்கு தம்ளர் குடித்தால் சர்க்கரை மட்டும் 40 கிராம் சேர்ந்துவிடும். 25 கிராமுக்குள் நிற்பதே நலம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தையும் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்று அந்த ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2016-இல் எச்சரித்தது. அதே அறிக்கையில் காப்பியின் மீது முன்பிருந்த சந்தேகத்தையும் நீக்கியது. ஆகவே ஆவி பறக்கும் காப்பியை டபராவில் இரண்டு ஆற்று ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கம் வெறும் அலங்காரமன்று.

மாத்திரையின் கதை

இனி என் தந்தையாரின் டப்பாவுக்கு வருவோம். காரட்டும் கீரையும் மிகுதியாக உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட விஞ்ஞானிகள், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் புகைபிடிப்போரைக் காக்கலாமே என்று எண்ணினர். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு இது சோதிக்கப்பட்டது. 1994-இல் முடிவு வெளியானபோது உலகமே திகைத்தது. பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவிகிதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற மற்றொரு சோதனையில் அந்நோய் 28 சதவிகிதம் மிகுந்து காணப்பட்டதால், 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் அதனை இடையிலேயே நிறுத்திவிட்டனர். வைட்டமின் 'ஈ' மாத்திரையைப் பெருமளவில் நெடுநாள் உட்கொண்ட ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் 17 சதவிகிதம் கூடியதாக 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உடற்பயிற்சியால் வரும் நன்மையின் ஒரு பகுதியை வைட்டமின் 'சி', 'ஈ' மாத்திரைகள் கெடுத்துவிடுவதாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டனர்.

கனியில் நன்மை செய்யும் பொருள் மாத்திரையில் தீமை செய்வானேன்? கனியில் அது நூறு பொருள்களுடன், நார்ச்சத்துடன், அளவோடு கலந்திருக்கிறது. மாத்திரையிலோ ஒன்றே தனித்து மலையளவாக வருகிறது. ஒரு வண்டிக்கு வேண்டிய பெட்டிகளையெல்லாம் விட்டுவிட்டு எஞ்சின்களை மட்டும் வரிசையாகக் கோத்தனுப்பினால் பிரயாணிகள் எங்கே அமர்வது?

டாக்டர் அம்மையார் இதை விளக்கியபோது தந்தையார் வெகுநேரம் பேசாதிருந்தார். வீடு திரும்பும் வழியில், "அந்த டப்பாவை நம்பித்தான் பீடியைக் கூட்டிவிட்டேன்" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவருக்குத் தீங்கை மாதந்தோறும் விலை கொடுத்து வாங்கித் தந்தவன் நானல்லவா? டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தை நான் இங்கே குறைகூறவில்லை. குறைபாடு உள்ளவர்க்கு மாத்திரை அவசியமே. வீட்டு வாசலில் விற்கப்படும் டப்பாவைத்தான் சொல்லுகிறேன்.

இரும்பும் காப்பியும்

நன்மை செய்யும் காப்பியே என் மனையாளுக்கு இடையூறானது எவ்வாறு? கீரை, பருப்பு, தானியம், மாத்திரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைக் காப்பியிலும் தேநீரிலும் உள்ள இதே பொருள்கள் குடலிலேயே பற்றிக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. 1983-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆகாரத்துடன் ஒரு கோப்பை காப்பி அருந்தியபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவிகிதமும், தேநீர் அருந்தியபோது 64 சதவிகிதமும் குறைந்தன. ஆகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே காப்பியைக் குடித்தால் இக்குறை நேரவில்லை. உண்ட ஒரு மணிக்குப் பின் குடித்தபோது குறை நேர்ந்தது.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினர்க்குச் சோகை உள்ளதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இட்டிலி வாயிலிருக்கும்போதே காப்பியை எதிர்பார்க்கும் நம் இல்லங்களுக்கு இச்செய்தி முக்கியமானது. காப்பி ஒன்றே சோகைக்குக் காரணம் என்று நான் கூறவரவில்லை. மாதவிலக்கு மிகுதி, குடற்புழு, போதாத ஆகாரம் எனக் காரணங்கள் பல. அவற்றை டாக்டரே ஆராய வேண்டும்.

காப்பி தடுப்பதை வைட்டமின் 'சி' திறந்துவிடுகிறது. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய், ஆரஞ்சு ஆகியவை உடன் சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். நெல்லியில் ஆரஞ்சைப்போல் பல மடங்கு 'சி' உண்டு. ஆரஞ்சுக்குப் பேர்போன ஊரில் வாழும் நமக்கு மருந்துக்கா பஞ்சம்?

சமையலறையில் செய்யத்தக்கவை

தக்காளி, காரட், முருங்கைக்கீரை ஆகியவற்றின் நிறப்பொருள்கள் சிறிது எண்ணெயுடன் வெந்தால் நன்கு உடம்பில் சேரும். வைட்டமின் 'சி' அதற்கு நேர்மாறானது. கொதிப்பிலும் வடித்துக் கொட்டும் நீரிலும் போய்விடும். ஆதலால் எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிவதே முறை. நல்லெண்ணெய் எளிதில் காறல் அடிக்காததற்கு அதில் இயற்கையாக அமைந்த செசமால் முதலிய பொருள்களே காரணம்.

மஞ்சளைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சளிலுள்ள குர்குமின் மிளகின் உதவியால் இரத்தத்தில் பன்மடங்கு சேர்வதைப் பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் காட்டினர். ஆனால் அவர்கள் கொடுத்தது இரண்டு கிராம் குர்குமின். ரசத்தில் நாம் இடும் ஒரு சிட்டிகை மஞ்சளில் அதன் மிகச் சிறு பங்கே உண்டு. ரசத்தை ரசமாகவே உண்போம்.

எண்ணெயைப் பற்றியே நான் முக்கியமாக எச்சரிக்க வேண்டும். பண்டிகைக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது தானே ஆக்ஸிகரணமடைந்து கெடுகிறது. அவ்வாறு கெட்ட பொருள்கள் எண்ணெயில் 25 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்று உணவுக் கடைகளுக்கு 2018 ஜூலை முதல் விதி உண்டு. வீட்டு வாணலிக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார், நாமே இன்ஸ்பெக்டர்.

இன்று எங்கள் வீட்டில்

எங்கள் வீட்டில் இப்பொழுதும் காப்பி உண்டு. அதன் நேரம்தான் மாறியது. காலை ஆறு மணிக்குக் காப்பி. எட்டு மணிக்குப் பலகாரம். பலகாரத்துக்குப் பின் காப்பி இல்லை. இரும்பு மாத்திரை பகல் பதினொரு மணிக்கு, எலுமிச்சைச் சாற்றுடன். பருவகாலத்தில் ஆரஞ்சுச் சுளையுடன். முதல் வாரம் என் மனையாள், "என்னங்க, தோசை தின்றுவிட்டுக் காப்பி இல்லாமல் இருப்பது கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வந்தது போல் இருக்கிறது" என்று முறையிட்டாள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4 ஆயிற்று. இப்பொழுது மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு போகிறாள்.

தந்தையார் டப்பாவை விட்டார். பீடியை இன்னும் முழுதும் விட்டாரில்லை. நாளுக்கு இருபதாக இருந்தது மூன்றாகக் குறைந்திருக்கிறது. மாதம் மிச்சமாகும் ரூ. 1,900-இல் கொய்யாவும் நெல்லியும் ஆரஞ்சும் கீரையும் வாங்கியும் கையில் பணம் மீதப்படுகிறது. மாலையில் கடைவீதிக்குப் போய்ப் பழம் பொறுக்கி வாங்குவது இப்பொழுது அவர் பொறுப்பு. மளிகைக் கடை நடத்தியவரல்லவா, பேரம் பேசுவதில் அவரை மராத்திய வியாபாரிகளும் வெல்ல முடிவதில்லை.

அன்பர்களே! நம் முன்னோர் விட்டுச் சென்ற ஆகார முறையில் குறையொன்றுமில்லை. காலமும் அளவும் அறிந்து உண்பதே நம் பொறுப்பு. இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் இல்லத்துத் தாயார், மனைவியர், சகோதரியர் மாத்திரையை எதனுடன் விழுங்குகின்றனர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை நான் இரண்டு மாதம் முன்பே கேட்டிருக்கலாம்.